ஊரின் பெயர் யார் முதுகில் இருக்கிறது?

(திருமானூரில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி விளையாட்டு அணிகளுக்குப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவுடன் வினாடி வினாத் துணுக்கு மாதிரி தெரியும். ஆனால் அணியின் பெயர் துணுக்கு இல்லை. "நாங்கள்" என்று சொல்லும்போது அதற்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதை அறிவிக்கிற பலகை அது.

முதலில் நம் பக்கத்து டீக்கடைச் சுவரைப் பார்ப்போம். பொங்கல் முடிந்தால் கபடிப் போட்டி நோட்டீஸ் ஒட்டுவார்கள். கலந்துகொள்ளும் அணிகளின் பட்டியலை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். இரண்டு விதமான பெயர் இருக்கும். ஒன்று, வெறும் ஊர்ப் பெயர். ஊர்ப் பெயரைப் போட்டு "கபடிக் குழு" என்று எழுதினால் போதும், வேறு அடைமொழி வேண்டாம். இன்னொன்று ஸ்டார், பாய்ஸ், லயன்ஸ், பிரதர்ஸ், சிறுத்தைகள் என்று வரும் பெயர். எந்தப் பெயரில் எந்தத் தெருப் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? எல்லா ஊரிலும் இப்படி இல்லை. ஆனால் பல ஊர்களில் ஊர்ப் பெயரில் ஆடுவது ஊர்த்தெரு அணி. பட்டப்பெயரில் ஆடுவது நம் தெரு அணி.

ஏன் அப்படி? ஊரின் பெயர் ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கிறது. அது கிடைக்காதவர்கள் புதிதாக ஒரு பெயர் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் அணிப் பட்டப்பெயருக்குப் பெரும்பாலும் இதுதான் பிறப்பிடம்.

இது இன்று நேற்று வந்த பிரிவினை இல்லை. இங்கிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர். அங்கே பெரிய கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்கு வரி கொடுக்க வேண்டிய ஊர்களைச் சொல்லி, எந்தெந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று கழித்துக்கொண்டே வருவார்கள். ஊர்நத்தம் தனியாக வரும். பறைச்சேரி தனியாக வரும். தீண்டாச்சேரி என்றே ஒரு சொல் வரும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் ஊர் வேறு, சேரி வேறு. அந்தக் கல்லைத்தான் இன்றைக்கு நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். நம் பள்ளிகளில் விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளை நான்கு அணியாகப் பிரித்து சேரர், சோழர், பாண்டியர், பல்லவர் என்று பெயர் வைக்கிறார்களே, அந்தச் சோழர் கல்வெட்டில்தான் தீண்டாச்சேரியும் இருக்கிறது. இதை எந்த விளையாட்டு ஆசிரியரும் சொல்லித்தருவதில்லை.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். கல்லூரி அணிக்குப் பட்டப்பெயர் வைப்பதைத் திருவிழாவாகவே வளர்த்த நாடு அது. நாம் ஐபிஎல்லிலும் புரோ கபடியிலும் பார்க்கிற கிங்ஸ், டைட்டன்ஸ், பைரேட்ஸ் எல்லாம் அந்தப் பழக்கத்தின் பிள்ளைகள்.

ஆரம்பத்தில் அங்கே பெயர் இல்லை, நிறம்தான். 1858இல் ஹார்வர்டு படகுப் போட்டி அணியினர் கூட்டத்தில் தங்களை அடையாளம் காட்ட ஒரே மாதிரி சிவப்புக் கைக்குட்டை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கருஞ்சிவப்பே பிறகு அணியின் பெயராகிவிட்டது. இதில் யாருக்கும் இழிவில்லை. ஆனால் எல்லாப் பெயரும் கைக்குட்டையிலிருந்து வரவில்லை.

மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செல்லப் பெயர் 'ஓல் மிஸ்'. 1897இல் மாணவர் ஆண்டு மலருக்குப் பெயர் தேடியபோது வந்தது. என்ன அர்த்தம் தெரியுமா? பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பர்கள், தங்களை உடைமையாக வைத்திருந்தவரின் மனைவியை அழைத்த சொல் அது. நம் பக்கத்துச் சொல்லில் சொன்னால் 'ஆண்டை வீட்டம்மா'. பண்ணையாளின் வாயில் பயத்தோடு வந்த சொல்லை எடுத்து, ஆண்டை வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கல்லூரிக்குச் செல்லப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1936இல் அணிக்கு 'ரெபல்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ரெபல் என்றால் கலகக்காரன். எதற்கு எதிரான கலகம்? அடிமை முறையைக் காப்பாற்ற 1861 முதல் 1865 வரை தென் மாநிலங்கள் நடத்திய போர் அது. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞர் நீதிமன்ற உத்தரவோடு அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது கலவரம் வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். தோட்ட முதலாளி வேடத்தில் ஒரு கிழவர் பொம்மைதான் அணியின் சின்னம். 2003இல்தான் அதை மைதானத்திலிருந்து எடுத்தார்கள். பெயர்கள் இரண்டும் இன்னும் இருக்கின்றன.

அடுத்து, 'இந்தியன்ஸ்'. நாம் இல்லை, அந்த மண்ணின் பழங்குடிகள். ஸ்டான்போர்டு, டார்ட்மவுத் என்று பெரிய பெரிய கல்லூரி அணிகள் எல்லாம் 'இந்தியன்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டன. இறகு குத்தி, முகத்தில் சாயம் பூசி, கோடாரியைத் தூக்கி ஆடுவார்கள். ஆடுகிற கூட்டத்தில் பழங்குடி ஒருவரும் இருக்க மாட்டார். அதே நாட்டில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற இடத்தில் ஒரு ராணுவ அதிகாரி விடுதிப் பள்ளி தொடங்கினார். பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசக் கூடாது என்று வளர்த்தார்கள். நிஜமான பழங்குடிப் பிள்ளை தன் அடையாளத்தோடு இருந்தால் தண்டனை. வெள்ளைக்காரப் பையன் அதை வேடமாகப் போட்டால் விளையாட்டு.

அந்தக் கார்லைல் பிள்ளைகளும் கால்பந்து ஆடினார்கள். அமெரிக்கக் கால்பந்து. 1911இல் ஹார்வர்டையே 18க்கு 15 என்று தோற்கடித்தார்கள். அந்த அணியின் நாயகன் ஜிம் தோர்ப். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து வகைப் போட்டியிலும் பத்து வகைப் போட்டியிலும் இரண்டு தங்கம் வாங்கினார். 1913இல், முன்பு காசு வாங்கி பேஸ்பால் ஆடினார் என்று காரணம் சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1983இல்தான் பதக்கங்களைக் குடும்பத்திடம் கொடுத்தார்கள். அவர்தான் தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு ஒப்புக்கொள்ள 2022 வரை ஆனது. பெயரை எடுத்துக்கொள்வார்கள், பெயருக்குரியவனின் வெற்றியை முழுதாக ஒப்புக்கொள்ள நூறு வருடம் எடுத்துக்கொள்வார்கள்.

பெயர் எப்படிப் போனது? யாரும் மனம் திருந்திக் கொடுக்கவில்லை. கல்லூரிக்குள் நுழைந்த பழங்குடி மாணவர்கள் மனு எழுதினார்கள், எதிர்த்து நின்றார்கள். 1972இல் ஸ்டான்போர்டு கைவிட்டது, 1974இல் டார்ட்மவுத். 2005இல் கல்லூரி விளையாட்டுச் சங்கம், இப்படிப்பட்ட பெயரும் சின்னமும் போட்டுக்கொண்டு தன் இறுதிச் சுற்றுகளுக்கு வரக் கூடாது என்று விதி போட்டது. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் 'ஃபைட்டிங் சூ' என்ற பெயரைக் காக்க ஒரு கோடீசுவரர் கிளம்பினார். பெயரை மாற்றினால் நான் கட்டித்தரும் விளையாட்டு அரங்கை அப்படியே பாதியில் விட்டுவிடுவேன் என்று மிரட்டினார். கட்டி முடித்த அரங்கில் சின்னத்தை ஆயிரக்கணக்கான இடங்களில் பதித்து வைத்தார், பிற்காலத்தில் யாரும் எளிதில் பெயர்த்தெடுக்க முடியாதபடி. அப்படியும் 2012இல் மாநில மக்கள் வாக்களித்தே அந்தப் பெயரை நீக்கினார்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 'செமினோல்ஸ்' என்ற பெயரை இன்றும் வைத்திருக்கிறது. காரணம், புளோரிடாவின் செமினோல் மக்களின் ஆட்சிக்குழு, வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஆக, எந்தச் சொல் என்பதைவிட, அந்தச் சொல்லுக்குரியவர்களைக் கேட்டார்களா என்பதே முக்கியம்.

வசவைத் திருப்பிப் பெயராக்கிய கதையும் உண்டு. நோட்டர்டேம் என்பது கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் அன்று ஐரிஷ்காரன், கத்தோலிக்கன் என்றால் குடிகாரன், சண்டைக்காரன், நாகரிகம் தெரியாதவன் என்று பேச்சு. 1924இல் கு கிளக்ஸ் கிளான் கூட்டம், அந்தக் கல்லூரி இருக்கும் ஊருக்கே வந்து கூட்டம் போட வந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கி மோதினார்கள். 'ஃபைட்டிங் ஐரிஷ்', அதாவது சண்டைக்கார ஐரிஷ்காரர்கள் என்று பிறர் ஏளனமாகவும் பத்திரிகைக்காரர்கள் வேடிக்கையாகவும் சொல்லிவந்த பெயரை, 1927இல் கல்லூரித் தலைவர் மேத்யூ வால்ஷ், ஆமாம், அதுதான் எங்கள் பெயர் என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார். அணியில் எல்லோரும் ஐரிஷ்காரர்கள் இல்லை. போலந்துக்காரர், இத்தாலியர், ஜெர்மானியர் என்று பலரும் ஆடினார்கள். வசவு வாங்கியவர்களின் பெயருக்குள் மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அணிப் பெயர் எப்படி இருந்தது? பம்பாயில் 1892 முதல் ஐரோப்பியர்களும் பார்சிகளும் மோதினார்கள். 1907இல் 'இந்துக்கள்', 1912இல் 'முஸ்லிம்கள்' சேர்ந்தார்கள். நாட்டின் பெரிய கிரிக்கெட் போட்டியே மதத்தின் பெயரில். 1937இல் ஐந்தாவது அணி வந்தது. அதன் பெயர் 'தி ரெஸ்ட்'. தமிழில் சொன்னால் 'இதரர்'. கிறித்தவர், ஆங்கிலோ இந்தியர், யூதர் என்று எந்தப் பெட்டியிலும் அடங்காதவர்கள் எல்லாம் அதில். விஜய் ஹசாரே கிறித்தவர் என்பதால் அந்த அணியில் ஆடினார். 1943 இறுதிப் போட்டியில் இந்துக்கள் அணிக்கு எதிராக அணி எடுத்த 387 ஓட்டங்களில் 309 அவர் ஒருவர் எடுத்தது. அப்படி ஆடியவருக்கும் அணியின் பெயர் 'மீதி'தான். இந்தப் போட்டி 1946இல் முடிவுக்கு வந்தது.

'இந்துக்கள்' அணிக்குள் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய கதை. பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். வலைப்பயிற்சியில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட்டே பெரிய பந்துவீச்சாளர் ஆனார். இந்துக்கள் அணிக்கு அவர் கை வேண்டியிருந்தது. சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். நம் ஊர் இரட்டைக் குவளைதான். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். அப்போதும் அவரைத் தலைவராக்கவில்லை. 1920இல் தலைமை விஷயத்தில் நடந்த அநீதியை எதிர்த்து அவர் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி நின்றார்கள். அதற்குப் பிறகே பாலுவுக்குத் துணைத் தலைவர் பதவி வந்தது. 1923இல் விட்டல் தலைவரானார். அந்த ஆண்டு கோப்பையும் வந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெயருக்குள் சேர்த்துக்கொள்வது வேறு, சமமாக நடத்துவது வேறு. நம் ஊரிலும் நடக்கிறதே. ஊர் அணிக்கு நல்ல ரைடர் இல்லையென்றால் நம் தெருப் பையனைக் கூப்பிடுவார்கள். அன்று ஒருநாள் அவன் முதுகில் ஊர்ப் பெயர் இருக்கும். கோப்பையோடு ஊர்வலம் போகும்போது, எந்தத் தெரு வரைக்கும் அவன் போகலாம்? அடுத்த போட்டிக்கு யார் கேப்டன்? அதைக் கேளுங்கள். ஜெர்சி கொடுத்தார்கள் என்பதில் மயங்கிவிடாதீர்கள்.

பெயர் நம் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பு, இந்தப் பக்கம் ஓடிய அரசுப் பேருந்துகளில் சோழன் என்றும் தீரன் சின்னமலை என்றும் எழுதியிருக்கும். போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் மன்னர்கள், தலைவர்கள் பெயர். 1997இல் விருதுநகரில் புதிதாக ஒரு கழகம் தொடங்கி, வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் படையில் போரிட்ட தேவேந்திரர் குலத்து வீரர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் ஆனது. கடைசியில் அரசு, எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்துவிட்டது. அதுவரை எத்தனையோ பெயர் இருந்தது, யாருக்கும் உறுத்தவில்லை. நம் ஆள் ஒருவர் பெயர் வந்ததும் 'பெயரே வேண்டாம், பொதுவாக இருக்கட்டும்' என்றார்கள். 'பொது' என்ற சொல்லைக் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள் தோழர்களே.

இன்னொரு பக்கமும் பேச வேண்டும். தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டி வந்தார்கள். நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை வந்தது. கயிற்றைக் கழற்றிவிட்டு அதே நிறத்தில் ஜெர்சி போட்டுக்கொண்டால் என்ன பயன்? அது பெரிய அளவுக் கயிறு, அவ்வளவுதான். இது நமக்கும் சேர்த்துத்தான். அம்பேத்கர் பெயரில் அணி நடத்துகிறோம். பெருமைதான். ஆனால் அதில் நம் தெருப் பையன் மட்டும் ஆடலாம், பக்கத்துத் தெரு அருந்ததியர் பையனுக்கு இடமில்லை, பெண்களுக்கு இடமில்லை என்றால், அந்த மனிதரை நாமே ஒரு தெருவுக்குள் அடைக்கிறோம்.

அப்படியானால் என்ன பெயர் வைப்பது? இரண்டு நல்ல பெயர்களைச் சொல்கிறேன். ஒன்று திரையில் வந்தது. 2024இல் வெளிவந்த 'ப்ளூ ஸ்டார்' படம் பார்த்திருப்பீர்கள். அரக்கோணத்து கிரிக்கெட் அணி. நட்சத்திரம் என்று யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நீலம் என்று வைத்ததில்தான் அரசியல் இருக்கிறது. அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக் கொடியின் நிறம் அது. யாரும் கொடுத்த பெயரில்லை, தாங்களே எடுத்துக்கொண்டது.

இன்னொன்று நிஜத்தில் நடந்தது. சென்னையின் நடுவிலிருந்து ஏழைகளைப் பிடுங்கி ஊருக்கு வெளியே குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குவார்கள், சந்தேகத்தோடு பார்ப்பார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவர் கார்த்திகா. நாடே அவரை அழைத்தது 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று. மறைக்கச் சொன்ன முகவரியை அந்தத் தங்கை பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். நோட்டர்டேம் மாணவர்கள் செய்ததும் இதைத்தான். இனி அந்த இடத்தின் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கபடி.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. ஆவணத்தில் நீங்கினால் மைக்கில் நீங்கிவிடுமா? அடுத்த போட்டியில் வர்ணனை செய்பவர் "காலனிப் பசங்க இறங்குறாங்க" என்று சொன்னால், ஆட்டத்தை நிறுத்தி, எங்கள் அணிக்குப் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. 2024இல் அரசு 'கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்' என்று கிராம ஊராட்சிகளுக்குக் கொடுத்தது. பந்து, மட்டை, வலை எல்லாம் அதில் உண்டு. அது ஊர்த்தெருவுக்குக் கொடுத்ததில்லை. ஊராட்சிக்குக் கொடுத்தது. ஊராட்சி என்றால் ஊரும் நம் தெருவும் சேர்ந்தது. அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: ஊராட்சியின் பெயரில் ஓர் அணி என்றால், எல்லாத் தெருவுக்கும் பொதுவான மைதானத்தில் வைத்து ஆள் தேர்வு நடக்க வேண்டும். திறமை இருப்பவர் ஆட வேண்டும். தலைமையும் எல்லோருக்கும் வர வேண்டும். பெண்களுக்கு அணி வேண்டும். அது நோட்டீஸில் வெறுமனே 'பெண்கள்' என்று போகாமல் முழுப் பெயரோடு போக வேண்டும். மறுத்தால் மறுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஊரின் பெயர் நமக்கும் சொந்தம். இந்த வயலில் நம் பாட்டன் நாற்று நட்டிருக்கிறான். இந்த ஏரியில் நம் பாட்டி மண் சுமந்திருக்கிறாள். ரேஷன் கார்டில் இருப்பது இந்த ஊர்ப் பெயர்தான். ஜெர்சியில் மட்டும் ஏன் இல்லை? அந்தப் பெயரை உரிமையோடு கேட்போம். அது கிடைக்கும் வரை நாமே வைத்துக்கொண்ட பெயரில், எல்லாத் தெருவுக்கும் கதவைத் திறந்து வைத்து ஆடுவோம். கிடைத்த பிறகும் அந்தப் பெயரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அது நாம் சம்பாதித்தது.